தந்தையின் தராசு: 'முகல்-ஏ-ஆஸம்' திரைப்படத்தின் நிலைபேறு

கலைகளுள் விரைந்து மூப்படைவது திரைப்படக் கலையே எனலாம். ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட சோழர் காலச் செப்புத்திருமேனி இன்றும் இளமை குன்றாது நிற்கின்றது. ஐம்பது ஆண்டுகட்கு முற்பட்ட திரைப்படமோ, நடிப்பும் ஒலியும் ஒப்பனையும் பழையனவாகி, இளைஞரின் நகைப்பிற்கு இலக்காகிவிடுகின்றது. இப்பொது விதிக்கு விலக்காக நிற்பவை மிகச் சிலவே. 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் பம்பாய் மராத்தா மந்திர் திரையரங்கில் வெளியான 'முகல்-ஏ-ஆஸம்' அச்சிலவற்றுள் ஒன்று. அறுபது ஆண்டுகளைக் கடந்த பின்னும் அதனைக் காண்போர் உளர். கண்டபின் வாதிடுவோரும் உளர். அதன் நிலைபேற்றுக்குக் காரணம் யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

தமிழ்த்துறை மலரில் இந்திப் படமொன்றுக்கு என்ன இடம் எனச் சிலர் வினவக்கூடும். திரைப்படமே நமக்கு வேண்டா என்னும் பெரியோரும் நம்மிடையே உளர். அவர்தம் கருத்தை மதிக்கின்றோம். எனினும் இப்படம் ஒருமுறை தமிழும் பேசிற்று என்பதும், பேசியும் தோற்றது என்பதும் இன்றைய மாணவர் பலரும் அறியாத செய்தி. தவிரவும், இப்படம் எழுப்பும் வினா தமிழ் இலக்கியம் நெடுங்காலமாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட வினாவேயாகும். மகனா, முறையா என்று வரும்பொழுது அரசன் எதனைப் பற்றுவது? இவ்விரண்டும் போதுமான காரணங்கள் என எண்ணுகின்றோம்.

படம் உருவான கதை

அனார்கலி கதையை இருபதாம் நூற்றாண்டில் ஊரறியச் செய்தது, இம்தியாஸ் அலி தாஜ் 1922இல் உருதுவில் எழுதிய 'அனார்கலி' என்னும் நாடகம். ஊமைப்படக் காலத்திலேயே அது திரைக்கு வந்துவிட்டது. 1940களின் நடுப்பகுதியில் இயக்குநர் கே. ஆசிப் அதனைப் பெரிய அளவில் எடுக்கத் தொடங்கினார். அக்பராகச் சந்திரமோகனும் அனார்கலியாக நர்கிஸும் நடிப்பதாக இருந்தது. நாடு பிரிந்தது; பொருளுதவி செய்தவர் பாகிஸ்தான் சென்றார்; 1949இல் சந்திரமோகனும் மறைந்தார். எடுத்தவரை எல்லாம் வீண். வேறொருவராயின் அத்துடன் விட்டிருப்பார். ஆசிப், கட்டுமானத் தொழிலில் பெயர்பெற்ற ஷாபூர்ஜி பல்லோன்ஜியின் துணையோடு, புதிய நடிகர்களைக் கொண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். பிருத்விராஜ் கபூர் அக்பரானார், திலீப்குமார் சலீமானார், மதுபாலா அனார்கலியானார், துர்கா கோட்டே ஜோதாபாயானார்.

ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாய் செலவாயிற்று என்பர். சில இலட்சங்களில் படங்கள் முடிந்த காலம் அது. கண்ணாடி மாளிகை அரங்கமைப்பு மட்டும் முடிவதற்கு இரண்டாண்டுகள் பிடித்தன. போர்க்காட்சிக்குப் படைத்துறையிலிருந்தே குதிரைகளும் வீரர்களும் வந்தனர். இச்செய்திகளைத் திரும்பத் திரும்பச் சொல்லி வியப்போர் பலர். நமக்கு இவற்றில் பெருவியப்பு இல்லை. இதனினும் மிகுதியாகச் செலவிட்டு எடுத்து, மறுமாதமே மறக்கப்பட்ட படங்களை நாமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கின்றோம்! செலவு ஒரு படத்தைப் பார்க்கத் தூண்டும். அறுபதாண்டு நினைவில் நிறுத்தாது.

இரு நியாயங்களின் போர்

கதையைச் சுருங்கக் காண்போம். மகப்பேறு வேண்டி அக்பர் வெறுங்காலுடன் பாலை மணலில் நடந்து இறைஞ்சுகின்றார். மகன் பிறந்த செய்தியை முதலில் கொணர்ந்த பணிப்பெண்ணுக்குத் தம் மோதிரத்தை அளித்து, அவள் வாழ்நாளில் என்றேனும் ஒன்றை வேண்டினால் மறுக்காது தருவதாக வாக்களிக்கின்றார். செல்லத்தால் சீர்கெடும் மகனைப் பதினான்கு ஆண்டுகள் போர்க்களத்திற்கு அனுப்புகின்றார். வீரனாகத் திரும்பும் சலீம், நாதிரா என்னும் ஆடல்மகளைக் காதலிக்கின்றான். மாதுளை மொட்டு எனப் பொருள்படும் அனார்கலி என்ற பெயரை அவளுக்குச் சூட்டியவரே அக்பர்தாம். பேரரசின் வாரிசு பணிப்பெண் ஒருத்தியை மணப்பதை அவர் ஏற்கவில்லை. அவள் சிறைப்படுகின்றாள், மகன் படைதிரட்டுகின்றான், தோற்கின்றான், மரணத் தீர்ப்புப் பெறுகின்றான். அவனைக் காக்க அனார்கலி வெளிப்பட்டுத் தன்னை ஒப்புவிக்கின்றாள். உயிரோடு சுவரில் அடைக்குமாறு அவளுக்குத் தீர்ப்பு.

தாஜின் நாடகத்தில் கதை அங்கே முடிகின்றது. ஆசிப்பின் படத்தில் முடியவில்லை. அனார்கலியின் தாய், அன்று மகன் பிறந்த செய்தியைக் கொணர்ந்த அதே பணிப்பெண், மோதிரத்தை எடுத்து நீட்டுகின்றாள். வாக்குத் தவற இயலாத அக்பர், சுரங்க வழியே அவளை மறைவாக வெளியேற்றுகின்றார். ஒரு நிபந்தனை: அவள் உயிரோடிருப்பதைச் சலீம் அறியக்கூடாது.

இம்முடிவைப் பலர் வெறும் மகிழ்ச்சி முடிவு எனக் குறை கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. இதில் மகிழ்ந்தவர் எவர்? காதலர் பிரிந்தனர். தன் காதலியைக் கொன்ற கொடியவன் எனவே சலீம் தந்தையை எந்நாளும் எண்ணுவான். அவ்வெண்ணம் பொய் என ஒரு சொல்லால் உணர்த்த அக்பரால் முடியும். ஆனால் அச்சொல்லைச் சொன்னால் எதற்காக இவ்வளவும் செய்தாரோ அது அழியும். எனவே மகனின் வெறுப்பைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டு வாய்மூடி நிற்கின்றார். தண்டனை பெற்றவள் தப்பினாள், தண்டித்தவர் தப்பவில்லை.

இங்குதான் படத்தின் உயிர்நிலை உள்ளது. காதற்கதைகளில் தடைசெய்யும் தந்தை பெரும்பாலும் கொடியவனாகவே வருவான். அவனை வெறுப்பது எளிது. வெறுத்தபின் சிந்திக்க ஒன்றும் இராது. இப்படத்தின் அக்பர் கொடியவர் அல்லர். பிறப்பால் அரசியான ஒருத்தியே அரியணையில் அமரவேண்டும் என்ற அவர்தம் கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் தம் சொந்த மகனுக்குச் சட்டத்தை வளைக்க மறுக்கும் நேர்மை அவரிடம் உள்ளது. சலீமோ உண்மைக் காதலன். ஆயினும் தன் காதலுக்காக ஆயிரமாயிரம் வீரரின் உயிரைக் களத்தில் பணயம் வைக்கத் தயங்காதவன். அரசவையில் நிற்கும் பெருந்தராசு படம் முழுவதும் நம் கண்முன் வருகின்றது. அதன் இருதட்டிலும் உண்மையாகவே எடை இருக்கின்றது. எத்தட்டு தாழ்ந்தது என முடிவுகட்ட இயலாமையினாலேயே கண்டோர் இன்றும் வாதிடுகின்றனர்.

தமிழர்க்கு இத்தராசு புதிதன்று. கன்றைத் தேர்க்காலில் இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைக்க, மகன்மீதே தேரைச் செலுத்தத் துணிந்த மனுநீதிச் சோழனைப் பெரியபுராணம் போற்றுகின்றது. தந்தை அளித்த வரங்கள் மகனைப் பதினான்கு ஆண்டு கானகத்திற்கு அனுப்பிய கதையைக் கம்பர் பாடியுள்ளார். அங்கே வாக்கு அழிவுக்கு வாயிலாயிற்று. இங்கே வாக்கு ஓர் உயிரைக் காத்தது. பதினான்கு ஆண்டு என்னும் எண் இரண்டிலும் ஒத்திருப்பது தற்செயலா அன்றா என்பதை ஒப்பிலக்கிய மாணவர் ஆராயலாம். வாலிவதையில் இருபக்க வழக்கையும் சீர்தூக்கி ஆய்ந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயீல் அவர்களைப் போன்ற ஒருவர், அக்பருக்கும் சலீமுக்கும் இடைப்பட்ட இவ்வழக்கையும் எடுத்து ஆராய்ந்திருப்பாராயின் எத்துணைச் சுவையாக இருந்திருக்கும்!

சிவகிரியில் ஒரு தந்தையும் மகனும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சங்கரன்கோவிலுக்கு வடமேற்கே உள்ள சிவகிரி, ஒரு காலத்தில் பாளையப்பட்டின் தலைமையிடம். அங்கும் தந்தைக்கு எதிராக மகன் எழுந்த வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சிவகிரிப் பாளையக்காரருக்கும் அவர்தம் மகனுக்கும் பகை மூண்டது. தந்தை கும்பினியாரின் பக்கம். மகனுக்குத் துணையாகப் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து வீரபாண்டிய கட்டபொம்மனின் ஆள்கள் சிவகிரிமேல் சென்றனர். 1799இல் கும்பினியார் கட்டபொம்மன்மீது சுமத்திய குற்றங்களுள் இதுவும் ஒன்று. அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். திரைப்படக் கட்டபொம்மனை அறிந்த அளவுக்குச் சிவகிரியின் இவ்வீட்டுச் சண்டையை நம்மவர் அறியார். அரண்மனைச் சுவருக்குள் தந்தையும் மகனும் மோதினால் அச்சுவருக்கு வெளியே எத்தனை பேர் மடிவர் என்பதற்கு ஆக்ராவரை செல்லவேண்டுவதில்லை.

இச்சிவகிரியில் அண்மையில் ஒரு விடுமுறை நாளில், கல்லூரி மாணவ மாணவியர் சிலரையும் அக்கம்பக்கத்துப் பெரியவர் இருவரையும் அமர்த்தி இப்படத்தைக் காட்டினோம். படம் மூன்றேகால் மணி நேரத்திற்கும் சற்று மேல். கீழே ஓடும் எழுத்துகளைப் படித்தே பொருள் கொள்ள வேண்டும். முதல் முக்கால் மணி நேரம் இளைஞர் கைகள் கைப்பேசியைத் தேடியதை நாம் காணாததுபோல் இருந்தோம். சலீம் பஹாருக்கு ரோசா மலரையும் அனார்கலிக்கு அதன் முள்ளையும் பரிசாக அளிக்கும் கவ்வாலிப் போட்டிக் காட்சியில் அக்கைகள் ஓய்ந்தன. கண்ணாடி மாளிகைப் பாடலில், மேற்கூரையின் ஆயிரம் சில்லுகளிலும் அனார்கலியின் உருவம் சுழல, அதனை அண்ணாந்து நோக்கும் அக்பரின் முகத்தைக் கண்டு ஒரு மாணவர் எழுந்தே நின்றுவிட்டார்.

படம் முடிந்தபின் எழுந்த வாதமே நம் கட்டுரைக்கு வித்து. மாணவர் பெரும்பாலோர் சலீமின் பக்கம். பெரியவர் ஒருவரோ, "தம்பி, நீங்களும் நாளைக்கு வாப்பாவாகத்தான் போகிறீர்கள், அப்போது வந்து சொல்லுங்கள்" என்றார். அதுகாறும் பேசாதிருந்த மாணவி ஒருத்தி, "ஐயா, தராசின் ஒரு தட்டில் அப்பா, மறுதட்டில் மகன். அந்தப் பெண் எந்தத் தட்டில் இருந்தாள்?" என்று கேட்டாள்.

அவ்வினாவுக்கு அவையில் விடை எழவில்லை. அது படத்தின் உண்மையான குறையைத் தொட்ட வினா எனவே நாம் கருதுகின்றோம். அனார்கலி சலீமுக்குக் காதலி, அக்பருக்குக் குற்றவாளி, தாய்க்கு மகள். அவளுக்கென ஒரு வழக்கைப் படம் எடுத்துரைக்கும் இடம் கண்ணாடி மாளிகைப் பாடல் ஒன்றே. அச்சம் ஏன் என்று அரசரை நோக்கி அவையறியக் கேட்கும் அந்தச் சில நிமிடங்களில் தராசின் இரு தட்டுமே ஆடிப்போகின்றன. பின்னர் அவள் மீண்டும் இருவர் வழக்கில் சிக்கிய பொருளாகிவிடுகின்றாள். மதுபாலா அந்நாளிலேயே இதய நோயுற்றிருந்தார். சிறைக்காட்சிகளில் அவர் சுமந்தவை மெய்யான இரும்புச் சங்கிலிகள். 1969இல் முப்பத்தாறாம் வயதிலேயே அவர் மறைந்தார். உரையாடல் தராத எடையை அவர்தம் முகம் தந்துவிடுகின்றது என்பதே நாம் சொல்லக்கூடிய அமைதி.

தமிழ் பேசிய அக்பர்

இனித் தமிழ்ப் பதிப்புக்கு வருவோம். ஆசிப் இப்படத்தை இந்தி, தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிக்கும் எனக் காட்சிகளை மும்முறை படமாக்கினார். தமிழ் வடிவம் குரல் சேர்க்கப்பட்டு 'அக்பர்' என்னும் பெயரில் 1961இல் வெளிவந்தது. பாடல்களைக் கவிஞர் கம்பதாசன் எழுதினார். நௌஷாத் இசையமைத்த 'உரன் கட்டோலா' தமிழில் 'வானரத'மாக வந்தபொழுதும் பாடல் எழுதியவர் அவரே. லதா மங்கேஷ்கரே அப்பாடல்களைத் தமிழில் பாடினார். எனவே நௌஷாத்தின் மெட்டுக்குத் தமிழ் எழுதுவதில் கம்பதாசன் கைதேர்ந்தவர். இருந்தும் 'அக்பர்' ஓடவில்லை. அத்தோல்வியால் ஆங்கிலப் பதிப்பு எண்ணமும் கைவிடப்பட்டது.

இந்தி எதிர்ப்புணர்வே காரணம் எனச் சிலர் எளிதிற் கூறிவிடுவர். அது பொருந்தாது. இந்தித் திணிப்பை எதிர்த்த அதே தமிழகம், இலங்கை வானொலியில் இந்திப் பாடல்களைக் காத்திருந்து கேட்ட தமிழகமுமாகும். 1953இல் வந்த இந்தி 'அனார்கலி'யின் பாடல்கள் மொழி அறியாத தமிழர் வாயிலும் முணுமுணுக்கப்பட்டன. மொழியைத் திணிப்பது வேறு, பாட்டை விரும்புவது வேறு என்பதை நம் மக்கள் நன்கறிவர்.

கதை முன்னரே தமிழில் பழகிவிட்டது என்பது ஒரு காரணமாகலாம். 1954இல் வந்த 'இல்லற ஜோதி'யில் நாடகக் காட்சியாகச் சிவாஜி கணேசன் சலீமாக நடித்திருந்தார். 1955இல் நாகேஸ்வரராவும் அஞ்சலிதேவியும் நடிக்க, எஸ்.வி. ரங்காராவ் அக்பராகத் தோன்றிய 'அனார்கலி' வெளிவந்தது. ஆயினும் பழகிய கதை என்பதற்காகப் படத்தைப் புறக்கணிப்பவர் அல்லர் தமிழர். அரிச்சந்திரனை எத்தனை முறை கண்டிருப்பர்!

மெய்யான காரணம் உரையாடலில் உள்ளது என்பது நம் துணிபு. இப்படத்திற்கு உரையாடல் எழுதியோர் அமான், கமால் அம்ரோஹி, வஜாஹத் மிர்ஸா, எஹ்சான் ரிஸ்வி என நால்வர். இந்திப் படம் எனப்பட்டாலும் அவர்கள் எழுதியது செம்மாந்த உருது. அரசர் பேசும் உருதுவில் பாரசீகச் சொற்கள் கனத்து விழும். ஒவ்வொரு தொடருக்குப் பின்னும் ஓர் இடைவெளி. அவ்விடைவெளியில் எதிரிருப்பவர் சொல் தேடுவார். வாளினும் கூரிய சொற்போர் அது. தந்தைக்கும் மகனுக்கும் இடையே பாசறையில் நிகழும் உரையாடலை மொழி புரியாதவரும் மூச்சடக்கிக் கேட்பதற்கு அவ்வோசையே காரணம். பிருத்விராஜ் கபூர் நாடக மேடையில் வளர்ந்தவர்; கடைசி வரிசைக்கும் கேட்குமாறு முழங்குவார். திலீப்குமாரோ அருகிலிருப்பவருக்கு மட்டும் கேட்பதுபோல் தாழ்குரலில் மறுமொழி கூறுவார். இரு தலைமுறைகளின் பகை இருவேறு குரல்களாகவே நம் செவியில் விழுகின்றது. அக்குரல்களை நீக்கி, உருதுவுக்கு அசைந்த உதடுகளின் அளவுக்கு நறுக்கிய தமிழை அங்கு வைத்தால் எஞ்சுவது என்ன? ஆடையும் அரங்கமுமே.

அதுமட்டுமன்று. 1961ஆம் ஆண்டுத் தமிழ்ச் சுவைஞர் வெறுங்கையராக அரங்கிற்குச் சென்றவர் அல்லர். 1954இலேயே அவர்கள் 'மனோகரா'வைக் கண்டிருந்தனர். சங்கிலியால் பிணித்துத் தந்தையின் அவைக்குக் கொணரப்பட்ட இளவரசன், அரசரை நோக்கி முழங்கிய தமிழை அவர்கள் மனப்பாடமாகவே வைத்திருந்தனர். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திற்கு மு. கருணாநிதி எழுதிய உரையாடலும் சிவாஜி கணேசனின் நாவும் கண்ணாம்பாவின் குரலும் சேர்ந்து, தந்தை, மகன், அரசவை, சங்கிலி என்னும் அதே காட்சியைத் தமிழின் சொந்த ஓசையில் முன்னரே நிறைவேற்றிவிட்டன. 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வேறு வந்துவிட்டது. இவற்றைக் கேட்டுப் பழகிய செவிக்கு உதட்டசைவுக்கு ஒட்டிய தமிழ் எவ்வாறு இனிக்கும்? 'அக்பர்' தோற்றது தமிழரின் சுவைக்குறைவால் அன்று, சுவை மிகுதியால்.

ஓர் இடைக்குறிப்பு. மெய்யான அக்பரின் அரசவை மொழி உருது அன்று, பாரசீகம். மெய்யான கட்டபொம்மனின் வீட்டுமொழியும் தெலுங்கு. ஆனால் கலை, அரசர் பேசிய மொழியை அல்ல, கேட்பவர் நெஞ்சில் அரசன் பேசவேண்டிய மொழியையே பேச வைக்கின்றது.

இசையும் இணக்கமும்

நௌஷாத்தின் இசையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், இரண்டொன்றே கூறுவோம். திரையில் பாட விரும்பாத படே குலாம் அலிகான், கேட்டவரைத் துரத்தும் நோக்கில் ஒரு பாடலுக்கு இருபத்தையாயிரம் ரூபாய் கேட்டார் என்பதும், முன்னணிப் பாடகர்க்கே சில நூறு ரூபாய் கிடைத்த அந்நாளில் ஆசிப் தயங்காது இசைந்தார் என்பதும் பலராலும் சொல்லப்படும் செய்தி. அவர்தம் குரல் சோஹினி இராகத்தில், நம் ஹம்ஸானந்தியை நினைவூட்டும் வகையில், காதலர் காட்சிக்குப் பின்னணியாக ஒலிக்கின்றது. காதலர் இருவரும் அக்காட்சியில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. உரையாடலால் வாழும் படம் தன் உச்சக் காதற்காட்சியில் உரையாடலைத் துறந்துவிட்டது! சொல்லின் மதிப்பை அறிந்தவர்க்கே மௌனத்தின் மதிப்பும் தெரியும் போலும்.

இப்படத்தில் கண்ணன் பிறந்தநாள் விழாவில் அரண்மனையில் பாடப்படும் பாடல் ஒன்று உண்டு. அக்பர் அருகிருந்து அவ்விழாவைச் சிறப்பிக்கின்றார். சிறையில் வாடும் அனார்கலி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை நோக்கி உருகும் பாடலும் உண்டு. இரண்டையும் பாடியவர் லதா மங்கேஷ்கர். இரண்டுக்கும் இசையமைத்தவர் இலக்னோவில் பிறந்த நௌஷாத் அலி. இறையருளை இறைஞ்சும் அப்பாடலைக் கேட்குங்கால், பாடியவர் வேற்றுச் சமயத்தவர் என்ற நினைவே எழுவதில்லை. முதற்காட்சியில் கதை சொல்பவராக எழும் குரலும் ஓர் அரசருடையதன்று, புலவருடையதன்று. இந்துஸ்தான் என்னும் நாடே தன் கதையைத் தானே கூறுவதாக அமைத்திருக்கின்றார் ஆசிப். நாடு பிரிந்த புண் ஆறாத நாளில், அப்பிரிவினையால் தம் படத்தையே ஒருமுறை இழந்தவர் வைத்த தொடக்கம் அது. 2023இல் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலிலிருந்து முகலாய அரசவைகளைப் பற்றிய பாடம் நீக்கப்பட்டதைக் கண்ட நமக்கு, அத்தொடக்கக் குரல் முன்னினும் உரக்கக் கேட்கின்றது.

கதையும் வரலாறும்

ஆனால் இப்படத்தையே வரலாற்றுப் பாடமாகக் கொள்வதும் பெரும்பிழை. அபுல் ஃபஸலின் 'அக்பர்நாமா'வில் அனார்கலி இல்லை. சலீம் பின்னர் ஜஹாங்கீர் என அரியணை ஏறி எழுதிய தன் வரலாற்றிலும் அவள் இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலாகூர் வந்த வில்லியம் ஃபின்ச் என்னும் ஆங்கில வணிகரின் குறிப்பிலேயே இக்கதை தலைகாட்டுகின்றது. இலாகூரில் அனார்கலியின் பெயரால் ஒரு கல்லறைமாடம் உண்டு; அங்கு அடங்கியிருப்பவர் யார் என்பதில் அறிஞர் இன்னும் ஒன்றுபடவில்லை. சலீம் தந்தைக்கு எதிராக எழுந்தது மட்டும் வரலாற்று உண்மை. 1600 முதல் அவன் அலகாபாத்தில் தனியரசு போல் நடந்துகொண்டான். 1602இல் அவன் தூண்டுதலால் அபுல் ஃபஸல் கொல்லப்பட்டார். அப்பகைக்குக் காரணம் அரியணை ஆசையே, பெண்ணன்று. மக்கள் மனம் அவ்வாசைக்கு ஈடாக ஒரு காதலைக் கற்பித்துக்கொண்டது. அம்பிகாபதி, அமராவதி கதையைக் கம்பரின் காலத்தோடு இணைத்துக்கொண்ட தமிழ் மனமும் இதனையே செய்தது.

தராசு என்னும் உருவகத்துக்கு வரலாற்றில் வியத்தகு தொடர்ச்சி ஒன்றுண்டு. 1605இல் அரியணை ஏறிய ஜஹாங்கீர், தாம் முதன்முதலில் பிறப்பித்த ஆணை யாது எனத் தம் நூலிலேயே எழுதியுள்ளார். ஆக்ராக் கோட்டையிலிருந்து ஆற்றங்கரைக் கல்தூண்வரை அறுபது மணிகள் கோத்த பொற்சங்கிலி ஒன்றைக் கட்டுமாறு அவர் ஆணையிட்டார். முறையிழந்த எவரும் அதனை இழுத்து அரசரை எழுப்பலாம். திருவாரூரில் மணி, ஆக்ராவில் சங்கிலி. மனுநீதிச் சோழனின் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ் மாணவர்க்கு இச்செய்தி தரும் மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ! அச்சங்கிலியை மையமாகக் கொண்டு 1939இலேயே சோராப் மோடி 'புகார்' என்னும் படத்தை எடுத்தார். அதில் ஜஹாங்கீராக நடித்தவர் பின்னாளில் ஆசிப் முதலில் அக்பராகத் தெரிந்த அதே சந்திரமோகன். எழுதியவர் கமால் அம்ரோஹி. 'முகல்-ஏ-ஆஸ'மின் நீதி வழக்காடல் எங்கிருந்து வேர்கொண்டது என்பதற்கு இது நல்ல தடயம்.

அப்பொற்சங்கிலியைக் கட்டியவருக்கும் மறுஆண்டே சோதனை வந்தது. 1606இல் அவர்தம் மூத்த மகன் குஸ்ரூ தந்தைக்கு எதிராகப் படைதிரட்டினான், தோற்றுப் பிடிபட்டான், சங்கிலியிட்டு அவைக்குக் கொணரப்பட்டான். இக்காட்சியை எந்த நாடகாசிரியரும் கற்பிக்கவில்லை.

மாணவர்க்கு ஒரு சொல். இப்படத்தின் முழு வண்ணப் பதிப்பு 2004ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வெளியாகி, புதிய தலைமுறையிடையேயும் பெரும் வரவேற்புப் பெற்றது. இன்று எளிதிற் கிடைப்பதும் அதுவே. ஆயினும் வாய்ப்புள்ளவர் கருப்பு வெள்ளைப் பதிப்பையே முதலில் காண்க. அதில் கண்ணாடி மாளிகைப் பாடலும் இறுதிப் பகுதியும் மட்டுமே வண்ணத்தில் அமைந்தவை. இரண்டு மணி நேரம் நிழலும் ஒளியுமாகவே இருந்த அரண்மனை, அனார்கலி அச்சம் துறக்கும் அக்கணத்தில் நிறம் பெறுகின்றது. முழுவதும் வண்ணமாகிவிட்ட பதிப்பில் அவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாவதில்லை. அதனைக் கண்ட ஒரு வாரத்திற்குள் 'மனோகரா'வையும் காண்க. கண்களை மூடிக்கொண்டு கேட்பினும் நன்றே.